நம் பிள்ளைகள் இழக்கும் ஓராண்டு

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான மாவட்டப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இந்தப் பயிற்சியில் பேசச் சொன்னபோது ‘உயர்கல்வி உதவித்தொகைகள்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரு மூலையைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எங்கே போகலாம், எவ்வளவு பணம் கிடைக்கும், எத்தனை ஆண்டு மிச்சமாகும் என்பதை மட்டும் பேசுகிறேன்.

நான் தொழிற்கல்வி ஆசிரியர் இல்லை, ஆங்கிலம் நடத்துகிறவள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம் ஆசிரியர் கூட்டத்தில் வகுப்பாசிரியர் பொறுப்பைப் பிரித்தார்கள். அறிவியல் பிரிவுக்குப் போட்டி இருந்தது. வணிகவியல் பிரிவை ஒருவர் எடுத்துக்கொண்டார். கடைசியாக மிஞ்சியது தொழிற்கல்விப் பிரிவு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் வந்தேன், விரும்பி வந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். பிள்ளைகளே தங்களை ‘லாஸ்ட் குரூப்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கிவிட்டது. அதற்கு முன்பே கோத்தாரி கல்விக்குழு, மேல்நிலையில் கணிசமான மாணவர்கள் தொழில் சார்ந்து படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த நோக்கத்தில் வந்த பிரிவுக்கு, பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடம் என்ற பெயரை யாரும் அரசாணை போட்டுக் கொடுக்கவில்லை. சேர்க்கை நாளில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாம்தான் கொடுத்தோம். நானும் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மாரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மாற்றியிருக்கிறேன்.

2015இல் மின்சாரப் பிரிவில் முடித்தவன். இன்று அந்தப் பாடத்துக்கு அடிப்படை மின்பொறியியல் என்று பெயர். 1200க்கு ஆயிரத்துக்கும் சற்று மேலே எடுத்திருந்தான். எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவில் அதுவரை யாரும் ஆயிரத்தைத் தொட்டதில்லை. கணிதமும் படித்திருந்தான். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை, அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவர். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த நாளில், “என்னடா படிக்கப் போறே?” என்று கேட்டேன். “டிப்ளமா டீச்சர், எலக்ட்ரிக்கல்” என்றான். “நல்லது, போய்ச் சேரு” என்று சொல்லி அனுப்பினேன். அவனும் போய் முதலாம் ஆண்டில் சேர்ந்தான்.

அடுத்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமில் மதியச் சாப்பாட்டின்போது, வேறு பள்ளியின் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், “எங்க பசங்க ஆறு பேரு போன வருஷம் நேரா செகண்ட் இயர்ல சேர்ந்துட்டாங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று அவர் நிதானமாக விளக்கினார். மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு, நம் பிள்ளைகளுக்கு இரண்டே ஆண்டு. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாரிமுத்துவிடம் அப்போது சொல்லிப் பயனில்லை. முதலாம் ஆண்டை ஏறக்குறைய முடித்துவிட்டான். போகட்டும், ஓராண்டுதானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சில ஆண்டுகள் கழித்து எங்கள் பள்ளியின் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்டும் கடையிலிருந்து மோட்டாரை எடுத்துப்போக வந்தவன் அவன்தான். “டீச்சர், தெரியுதா?” என்று சிரித்தான். இரண்டாம் ஆண்டு முடிகிற நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாம். மூன்றாம் ஆண்டுக்கு அவன் போகவே இல்லை. அந்தப் பிள்ளையால் படிக்க முடிந்தது சரியாக இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டில் பட்டயம் கையில் இருந்திருக்கும்.

அவனுக்கு இது இன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

பி.எட். படிக்கும்போது வழிகாட்டலும் ஆலோசனையும் என்று ஒரு பகுதி உண்டு. வழிகாட்டலின் வகைகள், ஆலோசகரின் பண்புகள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றேன். நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

இப்போதெல்லாம் ‘கிரெடிட்’ என்ற சொல் அதிகம் அடிபடுகிறது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய கிரெடிட் கட்டமைப்பு, ஓராண்டுக் கற்றலை 1200 மணி நேரமாகவும் அதை 40 கிரெடிட்டாகவும் கணக்கிடுகிறது. வகுப்பறைப் பாடத்துக்கு இருக்கும் மதிப்பு தொழிற்பயிற்சிக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அது நம் பள்ளிகளுக்கு எப்படி வரும், வருமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பிள்ளைகளுக்கு ஒரு கிரெடிட் இருக்கிறது. பட்டறையில் அவர்கள் செய்த வேலைக்கும் எழுதிய ரெக்கார்டு நோட்டுக்கும் சேர்த்து, கல்லூரியில் முழுதாக ஓராண்டைக் கழித்துக்கொள்கிறார்கள். சொல்வதற்கு ஆளில்லாமல்தான் அது வீணாகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எந்தத் தொழிற்பாடம் படித்தவர் எந்தப் பட்டயப் பிரிவில் சேரலாம் என்பதற்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தகுதி விதி வைத்திருக்கிறது. பொறியியல் பட்டயத்துக்குத் தொழிற்பாடத்தோடு கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற தொடர்புடைய பாடம் ஒன்றும் பார்க்கப்படும். ஆகவே இந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளில் இல்லை. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளிலேயே பாதி முடிந்துவிடுகிறது. “கணக்கு வேண்டாம் டீச்சர், கஷ்டம்” என்று பிள்ளை சொல்வான். “சரி, எடுக்காதே” என்று சொல்வது நமக்கும் எளிது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழியுங்கள். வற்புறுத்தச் சொல்லவில்லை. எதை விடுகிறான் என்று தெரிந்து விடட்டும்.

இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிட்டால் எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். நான் அனுப்பிய முதல் தொகுதியில் ஒரு பெண், எலக்ட்ரானிக்ஸ். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் இரவு போன் செய்து அழுதாள். “வகுப்பில் எல்லாரும் முதல் வருஷமே படிச்சிட்டாங்க டீச்சர். சார் போர்டுல போடுற கணக்கு ஒண்ணும் புரியல. வந்துடவா?” அவள் சொன்னது உண்மைதான். மற்றவர்கள் முதலாம் ஆண்டில் அணிக்கோவை, முக்கோணவியல், வகையீடு, தொகையீடு எல்லாம் ஒரு சுற்று முடித்திருந்தார்கள். நம் பிள்ளைக்கு மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், சால்டரிங் அழகாக வரும், பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லியும் கொடுப்பாள். கணக்கு மட்டும் இடித்தது. எங்கள் கணித ஆசிரியர் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளை வரச்சொல்லி உட்கார வைத்தார். ஒரு காசு வாங்கவில்லை. அவள் அந்தப் பருவத்தில் ஒரு தாளில் தோற்று, அடுத்த பருவத்தில் எழுதித் தேறி, படிப்பை முடித்தாள்.

அதிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பொதுத்தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் சில வாரங்கள் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டுக்குப் போக நினைக்கிறவர்களை அந்த இடைவெளியில் பத்து நாள் வரச்சொல்கிறோம். பாலிடெக்னிக் முதலாம் ஆண்டுக் கணிதப் புத்தகம் ஒன்று பழைய மாணவனிடமிருந்து வாங்கியது, அதுதான் பாடநூல். நான் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வக அறிக்கை படிக்கப் பழக்குகிறேன். கோடை வெயில், மின்விசிறி ஒன்றுதான் ஓடும், இருந்தாலும் வருகிறார்கள்.

பட்டயத்தோடு பாதை முடிவதில்லை. பட்டயம் முடித்தவர்கள் பி.இ. படிப்பில் மறுபடியும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் இரண்டு ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு; மொத்தம் ஐந்து. நடுவில் குடும்பச் சூழல் காரணமாக நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு பட்டயம் இருக்கும்.

நேரடியாக பி.இ. சேர்வதற்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியலும் தனி இடங்களும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்துவிட்டது. அதில் இடம் பெறுகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வேளாண் அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் உள்ள பள்ளிகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கும் தொழிற்கல்விப் பிரிவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் எல்லாப் பிள்ளையையும் பி.இ.க்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளியின் சாதனைப் பட்டியலில் எழுத அது நன்றாக இருக்கும். முதல் பருவத்தில் நான்கு தாளில் தோற்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அந்தப் பட்டியல் திரும்பிப் பார்க்காது. பலருக்குப் பட்டயம் வழியாக ஏறுவதே உறுதியான படி.

இனி பணம். ஆண்டுக்கு ஆண்டு தொகையும் விதியும் மாறும் என்பதால் நீங்கள் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எது யாருக்கு என்பதை மட்டும் சொல்கிறேன்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது எது என்றால், பட்டப்படிப்புக்கு மட்டும்தான் இது என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. சேர்ந்த கல்லூரியின் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அங்கே முதலில் கேட்பது எமிஸ் எண். அதை மாற்றுச் சான்றிதழோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை அக்டோபரில் போன் செய்து “எமிஸ் நம்பர் என்ன டீச்சர்” என்று கேட்கும்போது நாம் தேர்தல் பணியில் இருப்போம்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக்குழுவின் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கானது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். அந்தக் குழுவின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பட்டயமோ பட்டமோ படிக்க வேண்டும். நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரடி இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கும் இது பொருந்தும். இதேபோல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம் என்ற உதவித்தொகை. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று வாங்கினால் இன்னொன்று வாங்கக்கூடாது என்ற விதி சில திட்டங்களில் உண்டு என்பதால், எதற்கு விண்ணப்பித்தால் கூடுதல் பயன் என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நம் பள்ளிகள் ஒழுங்காகச் செய்கின்றன. அதில் நேரம் எடுக்கவில்லை. முதல் பட்டதாரிச் சலுகையில் மட்டும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. “அண்ணன் டிப்ளமா முடிச்சிருக்கான், அதனால தம்பிக்குக் கிடைக்காது” என்று பெற்றோரே முடிவு செய்துவிடுகிறார்கள். பட்டயம் என்பது பட்டம் இல்லை.

என்.எம்.எம்.எஸ். பற்றி ஒரு சொல். எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதி வென்ற பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எங்கள் பள்ளியில் ஒரு பையன் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்ததும் அது நின்றுவிடும் என்று நினைத்து, பதினொன்றாம் வகுப்பில் புதுப்பிக்கவே இல்லை. யாரோ சொன்னார்களாம். நிற்காது. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து விழுக்காடு தளர்வு. ஒவ்வோர் ஆண்டும் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். தொழிற்கல்வி வகுப்பாசிரியர்கள் ஜூலையில் ஒருமுறை, “யாராவது என்.எம்.எம்.எஸ். வாங்கினீங்களா?” என்று கேட்டாலே போதும்.

படிக்கப் போக முடியாது, உடனே சம்பாதித்தாக வேண்டும் என்கிற வீடுகளும் இருக்கின்றன. அவர்களிடம் மறுபடி மறுபடி கல்லூரி பேசி என்ன பயன்? 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில், மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களுக்கென்றே தனி வகை ஒன்று இருக்கிறது. 1986இல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். ஓராண்டுப் பயிற்சி, மாத உதவித்தொகையோடு. 2019 விதிகளில் குறைந்தபட்சத் தொகையை 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது, பதிவு இணையவழியில்தான். முடிவில் நிரந்தர வேலை தருவார்கள் என்று யாரும் உறுதி சொல்வதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் பெரிய தொழிற்சாலைக்குள் ஓராண்டு வேலை பழகி, சான்றிதழோடு வெளியே வரும் பிள்ளைக்கும், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மில்லுக்குப் போன பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பள்ளியிலிருந்து இப்படிப் போன ஒருவன் பயிற்சி முடித்து, அடுத்த ஆண்டு பட்டயத்தில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான்.

கடைசியாக, இவை எல்லாவற்றையும் கெடுக்கும் ஒரு சின்ன விஷயம். இன்ஷியல்.

சிரிக்காதீர்கள். பள்ளிப் பதிவேட்டில் ‘மு. கலைச்செல்வி’. ஆதாரில் ‘கலைச்செல்வி முருகன்’. வங்கிக் கணக்கில் ‘கலைசெல்வி எம்’, ஒற்று இல்லாமல். மதிப்பெண் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் நான்காவது விதம். இணையதளம் இந்த நான்கு பேரையும் நான்கு ஆள் என்றே நினைக்கிறது. பிரகதிக்குத் தகுதியான ஒரு மாணவிக்கு இதனாலேயே ஓராண்டுத் தொகை போயிற்று. 50,000 ரூபாய். அவள் அம்மா தீப்பெட்டி வேலையில் அதைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால் போதாது, ஆதார் எண் அதில் இணைந்திருக்க வேண்டும். இரண்டு கணக்கு வைத்திருந்தால் கடைசியாக எதில் இணைத்தார்களோ அதில்தான் பணம் விழும். பணம் வரவில்லை என்று ஒரு பிள்ளை ஆறு மாதம் அலைந்தது. வேறு வங்கிக் கணக்கில் பத்திரமாக ஏறியிருந்தது.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இவற்றுக்கு மே மாதம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். தேர்வு முடிவு வந்த பிறகு சேர்க்கை அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்துவிடும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மனு நகர்வதற்குள் கடைசித் தேதி போய்விடும். நான் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கே இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலக் கட்டுரையைவிட இதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை ஒட்டியிருக்கிறோம். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆதார், வங்கி, வருமானம், சாதி, எமிஸ், எங்கே போக விருப்பம் என்று கட்டங்கள். முடிந்ததற்குப் பச்சை மையில் பிள்ளையே டிக் போடவேண்டும். அலுவலகத்தில் கோப்பு வைத்திருந்த காலத்தில் நடக்காதது, சுவரில் ஒட்டியதும் நடந்தது. பக்கத்துப் பையனுக்கு ஐந்து டிக் இருக்கும்போது தனக்கு இரண்டு என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பொறுக்கும்? மதிப்பெண், சாதியின் பெயர், வருமானத் தொகை எதையும் அதில் எழுதுவதில்லை. சான்று வாங்கியாயிற்றா இல்லையா என்பது மட்டும்தான். இதில் மட்டும் கவனமாக இருங்கள்.

தலைமையாசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் காலியாகவே இருக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே பிரிவையே மெல்ல மூடிவிடலாம் என்ற பேச்சும் வருகிறது. ஆசிரியர் நியமனம் நம் கையில் இல்லை. ஆனால் சேர்க்கை எண்ணிக்கை குறைந்ததற்கு நாமே காரணமாக இருக்கிறோமா என்று அந்தப் பேச்சு வரும்போது ஒருமுறை பாருங்கள். இந்தப் பிரிவிலிருந்து நேரே இரண்டாம் ஆண்டுக்குப் போன பிள்ளைகளில் இருவரைப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னோம். அந்த ஜூனில் எங்கள் மின்சாரப் பிரிவில் இடம் கேட்டு, 400க்கு மேல் எடுத்த ஒரு பெண் வந்தாள். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் தயக்கம்தான். “டீச்சர், இது சரியா வருமா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பதில் சொன்னேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் சொன்ன திட்டங்களையும் எங்கள் சுவர் அட்டையின் மாதிரியையும் ஒரு தாளில் நகலெடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. இந்த ஆண்டு என் வகுப்பில் 31 பேர். நான்கு பேருக்கு இன்னும் ஆதார்ப் பெயரும் பள்ளிப் பெயரும் ஒத்துவரவில்லை. நாளை மதியத்துக்குமேல் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். அவர்களை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போகவேண்டும்.